மேலே போன காற்று

அந்த நாற்காலியை இந்தப் பக்கமாக ஒன்றரை அடி இழுத்துப் போட்டு உட்காருங்கள். ஃபேனுக்கு நேர் நடுவில் உட்கார்ந்தால் காற்று வராது. இறக்கை நுனிக்குக் கீழே உட்கார வேண்டும். இந்த டார்வின் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடத் தப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபேனைத் திட்டுவார்கள். மழை இறங்கும்வரை இந்த ஊரில் நாற்காலி போடத் தெரிவதும் ஒரு படிப்புதான்.

எல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்தது. ஸ்கேவோஸ் என்று உங்கள் காகிதத்தில் பெயர் இருக்கும். கிரேக்க நாட்டுக் கலிம்னோஸ் தீவிலிருந்து பத்தொன்பது வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி வந்தவர், எலக்ட்ரீஷியன். பெரிய புயல் இந்த ஊரைத் துடைத்துப் போட்ட பிறகு, நைட்கிளிஃப் பக்கம் எழும்பிய வீடுகளில் முக்கால்வாசிக்கு அவர்தான் ஃபேன் மாட்டினார். மாட்டி முடித்ததும் வீட்டுக்காரர்களை நிற்கவைத்துப் பாடம் எடுப்பார். ஃபேன் அறையைக் குளிர வைக்காது, ஆளைத்தான் குளிர வைக்கும். வியர்வைமேல் காற்றுப் பட வேண்டும். ஆளில்லாத அறையில் ஓடினால் தண்டம். எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்து வை. மத்தியானம் தாங்கவில்லையா, ஈரத்துணியைப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு ஃபேனுக்குக் கீழே படு. ஏசி பற்றிக் கேட்டால், "ஃபேன் மாட்டத் தெரியாதவன் கண்டுபிடிச்சது அது" என்பார்.

ஃபேனின் வயிற்றில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் தள்ளினால் காற்று கீழே விழும். மறுபக்கம் தள்ளினால் இறக்கை எதிர்ப்பக்கமாகச் சுற்றும், காற்று மேலே போய்க் கூரையோடு நின்றுவிடும். குளிர் நாட்டுக்காரர்களுக்காக வைத்தது. நமக்கு அது தேவையில்லை, குளிர்காலமான ஜூலை மாதத்திலும் அரைக்கால் சட்டையோடு திரிகிற ஊர் இது. யாராவது கைதவறித் தள்ளிவிடுவார்கள் என்று அப்பா அந்த சுவிட்சின்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார். இந்த வீட்டிலும் ஒட்டியிருந்தார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. பேச்சு முழுக்கப் போகவில்லை. வாய் நிறையக் கூழாங்கல்லை வைத்துக்கொண்டு பேசுவது போல ஆனது. டாக்டருக்குப் புரியாது. பாதிரியாருக்குப் புரியாது. மெல்போர்னில் இருக்கிற என் அக்கா இரீனிக்கும் புரியாது. எனக்குப் புரியும். புரிந்துதானே ஆக வேண்டும், நாள் முழுக்கக் கூட இருந்தவள் நான்தான். அவர் பேசுவார், நான் மற்றவர்களுக்குச் சொல்வேன்.

அப்போது எனக்கு ஐம்பது வயது, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. இப்போது ஐம்பத்தேழு. நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டால் படுக்கை விரிப்பு மாற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் மாரிவிக் வருவாள், பிலிப்பைன்ஸ்காரப் பெண், கை சுத்தம், மனசும் சுத்தம். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் என்னுடையது. அசதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். தூங்கி எழுந்தால் போகிறதுதான் அசதி. எனக்கு இருந்ததற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

இரீனி போனைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். தினமும் மூன்று மணிக்கு வீடியோவில் வருவாள்.

"ஏண்டி தெமெலினா, போனைத் தூக்கி மேல காட்டு. ஃபேன் ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"காட்டு, பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

காட்டுவேன். இறக்கை சுற்றுவதைப் பார்த்துவிட்டு, தானே வந்து விசிறிவிட்டுப் போன மாதிரி பெருமூச்சு விடுவாள்.

ஜூன் மாதம் அப்பாவுக்கு இருமல் வந்தது. எங்கள் சனத்துக்குக் காற்று என்றால் பயம். பிடரியில் பட்டால் கழுத்து பிடிக்கும், முதுகில் பட்டால் நுரையீரலில் சளி கட்டும் என்பார்கள். அப்பா மட்டும் அதைக் கேட்டுச் சிரிப்பார். "காத்து நேரா அவர் மேல அடிக்குது, அதான் இருமுறார். ஃபேனைத் திருப்பு, ஜன்னலைச் சாத்து" என்று இரீனி உத்தரவு போட்டாள். ஸ்டூல் போட்டு ஏறி டேப்பை உரித்து சுவிட்சை மறுபக்கம் தள்ளினேன். இருமல் ஒரு வாரத்தில் போய்விட்டது. சுவிட்ச் அப்படியே இருந்தது. இதுவரைக்கும் நடந்ததை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது.

ஆகஸ்டில் முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. நாலு வருடம் காத்திருந்த இடம், கடல் பக்கத்து அறை. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா சார்பில் கையெழுத்துப் போடும் உரிமை மூத்தவள் இரீனிக்குத்தான்.

"நம்ம சனத்துல பெத்தவரை இல்லத்துல கொண்டுபோய் போட்டவங்க இருக்காங்களாடி? கேட்டா காறித் துப்புவாங்க."

"என்னால முடியலக்கா. முதுகு விட்டுப்போச்சு."

"உனக்கென்ன, புருஷனா, புள்ளையா? நீ பாட்டுக்கு வீட்லதானே இருக்கே. பாத்துக்கயேன்."

"நீ வந்து ஒரு மாசம் இருந்து பாரு."

"எனக்கு அந்த ஊர் வெயில் ஆகாது, தெரியுமில்ல."

அவள் கையெழுத்துப் போடவில்லை. அந்த மாதமே டாக்டர் அப்பாவைச் சோதித்துவிட்டு, "இதயம் காளை மாட்டுக்கு இருக்கற மாதிரி இருக்கும்மா. இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்று என் தோளைத் தட்டினார். நன்றி சொன்னேன். அப்பாவைக் காரில் ஏற்றி, சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்துவிட்டு, வண்டியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அறுபத்தேழு வயதில் நான் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. என் அப்பாமேல் எனக்குப் பிரியம் உண்டு. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் கடைசியில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து இறங்கின. மேகம் கூடும், மழை வராது. தகரக் கூரைக்கு அடியில் அப்பாவின் அறை. சுவிட்சைத் திருப்ப மறந்துவிட்டேன் என்று போன வாரம் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. திங்கட்கிழமை காலையில் மாரிவிக் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஃபேன் தப்பா சுத்துது, காத்தே வரல பாருங்க" என்று சொல்லித் தானே ஸ்டூலில் ஏறித் திருப்பினாள். ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். அறைக்குள் காற்று வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

அவள் போனதும், அப்பா கண்ணயர்ந்திருந்தபோது, நான் ஏறி மறுபடி திருப்பினேன். ஜன்னல்களைச் சாத்தினேன். செவ்வாய்க்கிழமையும் அவள் திருப்பினாள், நானும் திருப்பினேன். புதன்கிழமை அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் வேறு எதுவும் செய்யவில்லை. அடிக்கவில்லை, மாத்திரையில் கை வைக்கவில்லை. நீர் பிரிகிற மாத்திரையைக்கூட வேளை தவறாமல் கொடுத்தேன். ஃபேனும் மூன்று நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இரீனியே பார்த்தாள். நான் கூடத்தில் இந்த நாற்காலியை நுனிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே காற்று நன்றாக வரும். புதன்கிழமை நாலு மணிக்குப் போய்ப் பார்த்தபோது அவருக்கு வியர்ப்பது நின்றுபோய், தோல் காய்ந்து சுட்டது. அது எதற்கு அடையாளம் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஐந்தரைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

சாவுக்குக் காரணம் வயது, வெயில், இதயம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதோடு போயிருக்கும். இரீனிதான் யாரையாவது திட்டாமல் இருக்க முடியாமல், மாரிவிக் ஃபேனில் கை வைத்துக் கெடுத்துவிட்டாள் என்று புகார் எழுதினாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலை போனது, விசாவும் போகும் என்கிறார்கள். அவள் உங்களிடம் வந்து சுவிட்ச் கதையைச் சொன்னதில் தப்பே இல்லை. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதை எங்கே எழுத வேண்டுமோ அங்கே எழுதுங்கள்.

இப்போது நீங்கள் கொண்டுவந்திருக்கிற பதிவு. இரீனி அப்பா முகத்தைச் சேர்த்து வைப்பதற்காக வீடியோவையெல்லாம் பதிவு செய்தாள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். கிரேக்க மன்றத்துப் பெரியவர்கள் இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டியும் ஒரு வார்த்தை விளங்கவில்லை என்கிறீர்கள். விளங்காது. போடுங்கள், நானே சொல்கிறேன்.

இது திங்கட்கிழமை. "தெமெலினா, யாரோ சுவிட்சைத் தள்ளிட்டாங்கம்மா. காத்து மேல போகுது. திருப்பிவிடு" என்கிறார். என்ன சொல்கிறார் என்று இரீனி கேட்கிறாள் பாருங்கள், உன் எலுமிச்சை மரம் காய்க்குதான்னு கேக்கறார் என்று நான் சொல்கிறேன். அவள் அதற்குச் சந்தோஷப்படுகிறாள்.

இது செவ்வாய்க்கிழமை. "நீயா?" என்கிறார். அவ்வளவுதான். நீ இளைச்சுட்டியாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

புதன்கிழமை பதிவில் சத்தம் குறைவு, கொஞ்சம் கூட்டி வையுங்கள். அவர் இரீனியைப் பார்த்துப் பேசவில்லை. போனுக்குப் பின்னால் இருக்கிற என்னைப் பார்த்துப் பேசுகிறார். "நான் அவகிட்ட சொல்லமாட்டேன். யாருக்கும் தெரிய வேணாம். நீ களைச்சுப் போயிட்டே, எனக்குத் தெரியும்மா. அதை மட்டும் திருப்பிவிட்டுடு." அப்பாவுக்குத் தூக்கம் வருதாம், வெச்சுடுக்கா என்று நான் சொல்வது கேட்கிறதா? அதற்கப்புறமும் ஒரு வார்த்தை இருக்கிறது, நிறுத்தாதீர்கள். "உன்மேல எனக்குக் கோபமில்ல" என்கிறார். கோபமில்லை என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார், பாருங்கள். அதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.