முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள்

காலையில் நடப்பது நல்லது என்று எல்லோருக்கும் தெரியும், சார். எழுந்திருப்பதில்தான் தோற்றுப்போகிறோம்.

நான் வேப்பந்தட்டையில் உரக்கடை வைத்திருக்கிறேன். அறிவரசன் என்றால் பலருக்குத் தெரியாது. 'தினம் ஒரு படி' அறிவு என்றால் தெரியும். அது என் வாட்ஸ்அப் குழு. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்து, அன்றன்று செய்து முடித்ததைக் காலை எட்டு மணிக்குள் எல்லோர் முன்னாலும் எழுத வேண்டும். ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து. இருநூறு பேர் இருந்தோம்.

என் மனைவி ஜெயசுதா வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். நாலு பேர் வந்தால் உள்ளே போய்விடுவாள். முதல் நாள், 'ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். இரண்டு ஜாக்கெட்டுக்குத் துணி வெட்டினேன்' என்று எழுதினாள். யார் யாரோ கைதட்டல் அனுப்பினார்கள். அன்று முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்தாள். நூறாவது நாளுக்குள் ஸ்கூட்டி ஓட்டினாள். பாடாலூரில் ஒரு கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசினாள். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

குழுவில் முதன்முதலாக ஓராண்டை முடிக்கப்போகிறவள் அவள்தான். என் வரிசையே இரண்டு முறை அறுந்துவிட்டது. சனிக்கிழமை கடைசி நாள். ஞாயிறன்று பெரம்பலூரில் மண்டபம் பிடித்து, அவள் பெயர் போட்ட கேடயமும் செய்துவைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. அப்போதும் நடந்தாள். புதன்கிழமை டாக்டரிடம் ரத்தம் கொடுத்தோம். மாலையில் ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன். டெங்கு.

"இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரியில சேத்துடுங்க. காய்ச்சல் விடறப்பதான் ஆபத்து" என்றார் டாக்டர். தெளிவாகத்தான் சொன்னார். அவர்மேல் தப்பில்லை.

சேர்த்தால் கையில் ஊசியோடு படுக்க வைத்துவிடுவார்கள். நடக்க முடியாது. ரிப்போர்ட்டைக் கடையிலேயே மேசைக்குள் வைத்துவிட்டு, சாதாரணக் காய்ச்சல் என்று அவளிடம் சொன்னேன். பயந்தால் உடம்பு இன்னும் கெடும்.

அரியலூரிலிருந்து அவள் தங்கை கலையரசி போன் செய்தாள். "அக்கா கொரலே சரியில்ல மாமா. இங்க அனுப்பி வைங்க, நான் பாத்துக்கறேன்."

"ஞாயித்துக்கெழம விழாவுக்கு நீயே வாம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது. ஆனால் இன்னும் ஒரே நாள்தான் பாக்கி.

சனிக்கிழமை விடிந்ததும் மலைப்பக்கம் போகிற ரோட்டில் நடந்தோம். சோளக்காட்டை ஒட்டி அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நின்று, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். நாலு கிலோமீட்டர் முடிந்ததும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கில் ரத்தம் வந்தது.

"என்னால ஆவலங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் ஜெயா."

அவள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அப்படியே படுத்தாள். போனில் பேட்டரி நிறைய இருந்தது. அப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம் என்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம்.

நடந்த தூரத்தை அவள் போன்தான் கணக்கிடும். அதை அவள் கையிலிருந்து எடுத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அரைக் கிலோமீட்டர் போனேன், திரும்பி வந்தேன். வேகமாகத்தான் நடந்தேன். வழியில் ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஏறிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வந்து முந்தானையை விலக்கிப் பார்த்தேன். மூச்சு இல்லை. கை மட்டும் இன்னும் சூடாக இருந்தது. அவள் கட்டைவிரலை வைத்துப் போனைத் திறந்தேன். 'நாள் 365. ஐந்து கிலோமீட்டர் முடித்தேன்' என்று எழுதினேன். வாழ்த்துகள் வரத் தொடங்கின. முதலில் வந்த இருபது பேருக்கு அவள் பெயரிலேயே நன்றி சொன்னேன். பிறகுதான் 108-க்குப் போன் செய்தேன்.

எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், சார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைசிக் கிலோமீட்டரை நான் நடந்தேன் என்பது மட்டும் குழுவுக்குத் தெரிய வேண்டாம். அது ஜெயசுதாவின் உழைப்பு. அதை அவளிடமிருந்து யாரும் பறித்துவிடக் கூடாது.