எட்டுக்கு ரெண்டு

மரகதம்: ...மூணு மணிக்கு மேல தரமாட்டாங்களாம். விளையாட்டு நடத்தின அந்த ஆராய்ச்சிக்காரங்க நாலு மணிக் கப்பல்ல போர்ட் பிளேருக்குக் கிளம்புறாங்க. நீங்களே போய் ரெண்டு பேர் அரிசியையும் வாங்கிட்டு வந்துருங்க.

உதயசூரியன்: நீ போயேன்.

மரகதம்: அடுப்புல குழம்பு கிடக்கு.

உதயசூரியன்: அது இறக்கி அரை மணி நேரம் ஆச்சு. எனக்கு வலை...

மரகதம்: வலையைக் காலையிலேயே மடிச்சு வச்சுட்டீங்க. பார்த்துட்டுத்தான் பேசுறேன்.

உதயசூரியன்: ஓசி அரிசிக்கு நான் போய் வரிசையில நிக்கணுமாக்கும்?

மரகதம்: ஓசியா? ஸ்கூல் பெஞ்சுல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து விளையாடிச் சம்பாதிச்சது!

சங்கவி: அக்கா... அண்ணே... சண்டையா? உள்ள வரலாமா?

மரகதம்: வாங்க டீச்சர். சண்டை இல்ல, யார் போறதுன்னு...

சங்கவி: அதுக்குத்தான் வந்தேன். ஹட் பே ஊர்ல சப் லோக், எல்லாரும் வாங்கிட்டுப் போயாச்சு. இன்னும் நாலஞ்சு பைதான் கிடக்கு. ரெண்டு பேரும் ஏன் வரலை?

மரகதம்: டீச்சர்... எனக்கு அந்த விளையாட்டே இன்னும் சரியாப் பிடிபடலை. நீங்கதான் அவங்களுக்கு ஒத்தாசை பண்ணீங்க. இன்னொரு தடவை சொல்லுங்களேன்.

சங்கவி: அட, அதைச் சொல்லச் சொன்னா விடிய விடியச் சொல்வேனே! மூணு ரூம். முதல் ரூம்ல இருக்கிறவருக்குப் பத்து டோக்கன். ஒரு டோக்கன், ஒரு கிலோ அரிசி. ரெண்டாவது ரூம்ல இருக்கிறவர் கை வெறுங்கை. முதல் ஆள் தன் பத்துல அவருக்கு எவ்வளவு வேணும்னாலும் பிரிச்சுக் கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம்.

உதயசூரியன்: யாருக்குன்னு தெரியாது...

சங்கவி: தெரியவே தெரியாது. பேர் கிடையாது, வெறும் நம்பர்தான். மூணாவது ரூம்ல ஒருத்தர் வேடிக்கை பார்ப்பார். அவருக்குத் தனியா அஞ்சு டோக்கன். பிரிச்சது அநியாயம்னு பட்டுச்சுன்னா, தன்கிட்ட இருக்கிறதுல ஒண்ணோ ரெண்டோ விட்டுக் கொடுக்கலாம். கொடுக்குற ஒவ்வொண்ணுக்கும், பிரிச்சவர்கிட்டேருந்து மூணைப் புடுங்கிருவாங்க.

மரகதம்: அதுல பார்த்தவருக்கு என்ன லாபம்?

சங்கவி: ஒண்ணுமில்லக்கா! அதுதான் இதுல அழகே. அவருக்கு நஷ்டம். கொறைச்சலா வாங்கினவருக்கும் அது போய்ச் சேராது. அப்பவும் ஜனங்க செய்யுறாங்களா, முகம் தெரியாத ஒருத்தனுக்காகத் தன் கைப்பொருளைப் போட்டு நியாயம் கேக்குறாங்களா... அதைப் பார்க்கத்தான் அவங்க கப்பலேறி வந்தாங்க.

உதயசூரியன்: இங்க... யாராச்சும் கேட்டாங்களா?

சங்கவி: எங்க கேக்க! எல்லாரும் அஞ்சு, நாலுன்னு நல்லாவே கொடுத்துட்டாங்க. ஒரே ஒருத்தர்தான் எட்டைத் தான் வச்சுக்கிட்டு ரெண்டு கொடுத்தாரு.

மரகதம்: யாரு?

உதயசூரியன்: யாரா இருந்தா உனக்கென்ன?

சங்கவி: நம்பர்தான்னு சொன்னேனே. அதை மூணாவது ரூம்ல பார்த்தவங்க தன் ரெண்டு டோக்கனைப் போட்டு, ஆறைப் புடுங்கிட்டாங்க! அந்த ஆராய்ச்சி சார் சந்தோஷத்துல எழுந்தே நின்னுட்டாரு.

உதயசூரியன்: சந்தோஷம்... ம்ம். பையோட கனத்தைப் பார்த்தா ஆள் தெரிஞ்சிராதா டீச்சர்?

சங்கவி: எப்படித் தெரியும்? ஆறு போக, பிரிச்சவருக்கும் ரெண்டு கிலோ. வாங்கினவருக்கும் ரெண்டு கிலோ. எது யாரோடதுன்னு எனக்கே தெரியாது. நம்பர்த் தாளும் சார் பெட்டிக்குள்ள போயிருச்சு.

உதயசூரியன்: அப்பாடா...

மரகதம்: என்ன அப்பாடா?

உதயசூரியன்: அந்த மனுஷனுக்காகச் சொன்னேன்.

மரகதம்: டீச்சர், அந்த... பார்த்தவங்க பை?

சங்கவி: அது ஒண்ணுதான் மூணு கிலோ. அதுக்கென்னக்கா, அவங்க தலை நிமிர்ந்து வாங்கிட்டுப் போகலாமே! சரி, நான் ஸ்கூலுக்குப் போறேன். அவங்க கப்பல் ஏற ஜெட்டிக்கு வண்டி சொல்லியாச்சு. சீக்கிரம் வாங்க.

மரகதம்: ...போயிட்டாங்க. இப்பச் சொல்லுங்க. யாருக்காக அப்பாடா?

உதயசூரியன்: விடுட்டி.

மரகதம்: விட மாட்டேன். நேத்து ஜெட்டியில பங்கு வைக்கும்போது நம்ம போட்டுல வர்ற பாலசுப்பிரமணியத்துக்கு ஒரு சுர்மை மீன் கூடப் போயிருச்சாம். பதினோரு வருஷமா உங்க கை வச்ச பங்கை ஒருத்தனும் திருப்பி எண்ணினதில்ல. இப்ப அண்ணனுக்குக் கை தப்புதுங்கான். என்ன உடம்புக்கு?

உதயசூரியன்: உடம்புக்கு ஒண்ணுமில்ல. அந்தக் கைதான் மோசம் பண்ணிருச்சு.

மரகதம்: புரியலையே...

உதயசூரியன்: அந்த எட்டு... நான்தான்.

மரகதம்: நீங்களா!

உதயசூரியன்: மெதுவா! வேணும்னு செய்யலை. பத்து டோக்கனை மேசையில கொட்டி, பிரிங்கன்னான். மீன் பங்கு வச்சுக் கை பழகின பழக்கம். போட்டுக்கு ரெண்டு, இன்ஜினுக்கு ரெண்டு, வலைக்கு ரெண்டு எடுத்து, போட்டுக்காரன் பங்குன்னு நம்ம பக்கம் ஒதுக்கிட்டேன். மிச்சம் நாலு. ஆளுக்கு ரெண்டு. சுத்தமான பங்கு!

மரகதம்: ஸ்கூல் ரூம்ல ஏதுங்க போட்டு?

உதயசூரியன்: அதானே! வெளிய வந்து டீ குடிக்கும்போதுதான் உறைச்சுது. அதுக்குள்ள தாளைக் கொண்டு போயிட்டாங்க.

மரகதம்: திரும்பப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே?

உதயசூரியன்: சொன்னா நான்தான்னு தெரிஞ்சிருமே! முகம் தெரியாதவன் பங்கையே முழுங்கினவன் நம்ம பங்கை விடுவானான்னு போட்டுல இருக்கிற நாலு பேரும் கேக்க மாட்டானுங்களா? நாளையிலேருந்து வேற யாராச்சும் பங்கு வைங்கடான்னு சொல்லிரலாம்னுகூட இருந்தேன்.

மரகதம்: அந்த ஆறைப் புடுங்குன ஆள் மேல... உங்களுக்குக் கோவமா?

உதயசூரியன்: ஆறு போச்சுன்னு அன்னைக்கே சொன்னாங்க, ரெண்டு நாள் கோவம்தான். அப்புறம் யோசிச்சேன். யாரோ எவனுக்கோ கொறைஞ்சு போச்சேன்னு தன் ரெண்டு கிலோவை விட்டிருக்கான். நான் அந்த ரூம்ல இருந்திருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். நல்ல மனுஷன்.

மரகதம்: நெஜமாத்தான் சொல்றீங்களா?

உதயசூரியன்: நெஜமாத்தான். ஏன் அழுறே? இல்ல... சிரிக்கிறியா?

மரகதம்: அரே பாப்ரே... அந்த ரெண்டு டோக்கனையும் நான்தான் ஆத்திரத்துல போட்டுட்டு, நாலு நாளா எந்த வீட்டுச் சோத்துல மண்ணைப் போட்டேனோன்னு செத்துப் பிழைச்சேனே! நல்லவேளை, நம்ம வீட்டுச் சோறுதானா!