நெகட்டிவ் என்றாலும் நம்பாத ஆனந்தவள்ளி அக்காவுக்கு

சாரல் சிந்தும் தென்காசிச் சீமையின் சந்தேகச் செல்வியே! நம்பிக்கை மையத்தில் நாளெல்லாம் அமர்ந்து எவரையும் நம்பாத நங்கையே! கனிந்த மொழியும் பாம்புச் செவியும் ஒருங்கே வாய்த்த எச்.ஐ.வி. ஆலோசகர் ஆனந்தவள்ளி அக்கா அவர்களே! வணக்கம்.

தங்களுக்குப் பணி நிறைவு ஆணை வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். பார்த்தோம், கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. ஆனாலும் தங்களோடு இத்தனை காலம் குப்பை கொட்டிய எங்களுக்கு எந்தக் காகிதத்தையும் ஒரே தடவையில் நம்பும் வழக்கம் போய்விட்டது. திங்கட்கிழமை தங்கள் நாற்காலி காலியாக இருந்தால் அப்போது பார்த்துக்கொள்கிறோம்.

இங்கே எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்கள் சந்தேகத்தோடுதான் வருவார்கள். வெளியே நிற்பவர் சொந்தக்காரரோ, சொன்னது ஊருக்குள் போய்விடுமோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் மிஞ்சியவர் தாங்கள். டீ குடிக்கக் கூப்பிட்டாலும் வந்தவர்களின் பதிவேடுகள் உள்ள அலமாரியைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள். நாங்கள் என்ன களவாணிகளா என்று கோபம் கோபமாக வந்தது, அக்கா.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு டெம்போ ஓட்டுநரோடு தாங்கள் ஒதுங்கி நின்று பேசியதை நம் ஆள் ஒருவர் பார்த்து வந்து சொன்னார். “அக்கா ரகசியமா காய்கறி யாவாரம் பண்ணுதாவளோ?” என்று பேசிச் சிரித்தோம். அதைவிடக் கேவலமாகவும் பேசினோம்.

அந்த ஓட்டுநரின் கதையை இங்கே சொல்லப்போகிறோம். முறைக்காதீர்கள், அவர் மனைவியிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம், பெயர்களையும் மாற்றியிருக்கிறோம். அவரை மணிமுத்து என்று வைத்துக்கொள்வோம். குற்றாலத்தில் சீசன் களைகட்டிய நேரத்தில் எங்கோ தவறிய மனிதர், சில வாரங்களில் காய்ச்சல், தொண்டைவலி, கழுத்தில் நெறிகட்டு என்று வந்தார். பரிசோதனையில் நெகட்டிவ்.

“இல்லன்னு போட்டிருக்குல்லா, பொறவு என்னத்துக்குக்கா திரும்ப வரச் சொல்லுதிய?” என்றார்.

கிருமி புகுந்த புதிதில் சோதனைக்குச் சிக்காமல் ஒளியும் என்றும், அந்த நாட்களில்தான் அடுத்தவருக்கு அதிகம் தொற்றும் என்றும் விளக்கினீர்கள். தலையை ஆட்டிவிட்டுப் போனவர் வரவேயில்லை, போனையும் அணைத்துவிட்டார். அதனால்தான் சந்தைக்கே போய் நின்றிருக்கிறீர்கள். மறுபடி சோதித்ததில் தொற்று உறுதியானது. வீட்டில் அவர் மனைவி ஜெயபிரியா நாலு மாதக் கர்ப்பம். மாசமான புதிதில் சோதித்தபோது அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது கணவருக்குத் தொற்றுவதற்கு முந்தைய சங்கதி. இனி அவருக்கும் சொல்ல வேண்டும், சோதிக்க வேண்டும். தாமதித்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து.

“அவட்ட சொல்லிட்டேன்கா, கையோட கூட்டியாந்திருக்கேன்” என்று ஒரு நாள் மணிமுத்து ஒரு பெண்ணோடு வந்தார். அந்தப் பெண்ணின் ரத்தத்தைச் சோதித்த நம் ஆய்வக நுட்பநர் நம்பிராஜன் நெகட்டிவ் என்றதும் எங்களுக்கெல்லாம் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கிளம்பும்போது மணிமுத்து தனக்குத் தந்த மாத்திரையை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டார்.

“ஏலே, மாத்திரைய எடுத்துக்கிடுலே, கூறுகெட்டவனே” என்றார் அந்தப் பெண்.

எங்கள் காதிலும் அது விழத்தான் செய்தது, மண்டையில் ஏறவில்லை. நம் பக்கத்தில் எந்தப் பெண் கட்டினவனை ‘ஏலே’ என்பாள்?

“ஏம்மா, நீங்க இவருக்குக் கூடப்பொறந்த அக்காவா?” என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

அந்த அம்மாள் உடைந்து அழுதுவிட்டார். “எங் காலப் பிடிச்சுட்டாம்மா. அவளுக்குத் தெரிஞ்சா பொறந்த வீட்டுக்குப் போயிருவா, நான் கயித்துல நாண்டுக்கிடுவேன்னு சொல்லுதான். நான் என்ன செய்வேன்?”

தாங்கள் திட்டவில்லை. தன் வாயால் சொல்வதற்கு மணிமுத்துவைப் பேசிப் பேசித் தயார் செய்தீர்கள். மறுநாள் ஜெயபிரியாவே வந்தார். தங்கள் அறையில், தாங்கள் பக்கத்தில் இருக்க, அவர் கணவர் சொன்னார். ஜெயபிரியா கணவரைப் பார்க்கவேயில்லை. “எம் பிள்ளைக்கு?” என்று மட்டும் தங்களைக் கேட்டார். அவருக்கும் தொற்றியிருந்தது. ஆரம்பத்திலேயே பிடிபட்டதால் அன்றே மருந்து தொடங்கியது.

பெண் குழந்தை பிறந்தது. ஒவ்வொரு சோதனையிலும் அதற்கு நெகட்டிவ் வந்தபோது நாங்கள் மிட்டாய் வாங்கினோம், தாங்கள் தொடவில்லை. “இன்னும் இருக்கு, பொறுங்க” என்பீர்கள். பதினெட்டாம் மாதத்தில் கடைசிச் சோதனை. அதையும் நம்பிராஜனிடம் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னீர்கள். பிறகு நாங்கள் நிற்பதையும் மறந்து ஓவென்று அழுதீர்கள். நாங்களும் அழுதோம்.

ஐயத்தால் உயிர் காத்த அன்னையே! அலமாரிப் பூட்டின் அதிபதியே! நோய் அண்டாது, நூறாண்டு காணுங்கள்! மருத்துவர் நலம் என்று சொன்னால், தங்கள் விஷயத்திலாவது ஒரே தடவையில் நம்பப் பழகுங்கள்!

இந்தக் கதையைச் சபையில் சொல்லலாமா என்று கேட்டபோது ஜெயபிரியா சொன்னார்: “தாராளமா சொல்லுங்க. அன்னைக்கு எங்க வீட்டுக்காரவுக சொன்னத நீங்க அத்தன பேரும் நம்புனிய. அந்த அக்காவும் நம்பியிருந்தா எம் பிள்ள என்ன ஆயிருக்கும்?”

இங்ஙனம்,
அன்று நம்பிய
நம்பிக்கை மைய ஊழியர்கள்,
தென்காசி.