தண்ணீர் வற்றிய நேரத்தில்

சென்ற மழைக்காலத்தில், சாத்தம் படகுத்துறையிலிருந்து அக்கரையிலுள்ள பேம்பூஃப்ளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் இந்தப் பேச்சைக் கேட்டேன். கனத்த க்ரூஸர் பைக்கின் அருகே, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தார். பின்னிருக்கையிலிருந்து இறங்கிய கணவர் ஊன்றுகோலில் சாய்ந்திருந்தார்.

“கடல் தண்ணி வத்தி, கப்பல் தாழ்ந்திருக்கிற நேரத்துல கூட்டிட்டு வந்திருக்கியே வசந்தி. ஏறுபலகை எவ்வளவு சரிவா இருந்துச்சு பார்த்தியா?”

“ஃபோன்ல தண்ணி ஏறுற நேரம் பார்த்தப்ப, இன்னைக்குன்னு நெனச்சு நாளைக்கானதைப் பார்த்துட்டேங்க. தெரிஞ்சிருந்தா ஹேடோ வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன்.”

“போன ரெண்டு தடவை பலகை மட்டமாத்தான் இருந்துச்சு. அப்பவே பாதியில நிறுத்திட்டே.”

“இன்னைக்கும் கப்பல்காரர் ‘இறங்குங்க தீதி, தள்றேன்’னு கையை நீட்டிட்டே வந்தார். நின்னா சரிஞ்சிடுவோம், ஆபரேஷன் பண்ண உங்க முட்டி என்னாகும்னு நெனச்சேன். கிளட்ச்சை மெதுவா விட்டேன், கப்பலுக்குள்ள வந்துடுச்சு.”

கணவர் பைக்கையே பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

“பாய், வண்டியை வாங்கிக்கக் காத்திருப்பீங்க. மாஃப் கரோ, மன்னிச்சுக்குங்க, விக்கறதா இல்லை. நான் ஓட்ட முடியாதுன்னுதானே கொடுக்க வந்தேன். வீட்டுலயே ஓட்ட ஆள் இருக்கு.”

“அப்ப எதுக்குங்க அக்கரைக்குப் போறோம்?”

“பாய் டீ குடிக்கக் கூப்பிடுறார். திரும்பி வர்றதுக்குள்ள தண்ணியும் ஏறிடும்.”

அப்போதுதான் வசந்தி ஹெல்மெட்டைக் கழற்றினார்.