பிரெஞ்சுக்காரர் கொண்டுபோன பாட்டு

கல்லூரிக்குப் போக புதுவாயலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பழவேற்காட்டுக் குப்பத்து அம்மாள் ஒருத்தியும் அவளுடைய அண்ணன் மகனும் நின்றார்கள்.

"படத்துல மாமா மூஞ்சியே இல்ல அத்த," என்றான் அவன்.

"அப்ப இன்னாத்துக்குடா என்னை மெட்ராசுக்கு இட்டுகினு போற? அவரு செத்தப்புறம் ஊட்டுல ஒரு போட்டோகூட இல்ல. மூஞ்சியப் பாக்கலாம்னுதானே கெளம்பினேன்?"

"அப்போ நம்ம குப்பத்துல வந்து படம் புடிச்ச அந்த பிரெஞ்சுக்காரரு ஆளுங்க மூஞ்சியக் காட்டவே மாட்டாராம். தண்ணி, வல, காலு, அவ்ளோதான். அது ஒரு தினுசுப் படம். பாண்டிச்சேரி வரிக்கும் எழுதிப் பாத்தேன், யாராண்டயும் இல்ல. இப்பத்தான் மெட்ராசுல ஒரு சினிமா சங்கத்துக்கு படப் பொட்டி வந்துகீது. இன்னிக்கு ஒரு ஆட்டம், அப்புறம் திருப்பி அனுப்பிடுவாங்க."

"காலப் பாத்து இன்னா பண்றது?"

"கொரலு கீது அத்த. நேத்து போட்டுப் பாத்தப்போ நானும் இருந்தேன். படத்துல ஏரித் தண்ணியவே காட்டிக்கினு இருக்காங்க, மாமா பேசுறாரு."

"பேசுறாரா? இன்னா பேசுறாரு?"

அவன் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"திட்டுறாரு. எல்லாம் கெட்ட வார்த்த. வெள்ளக்காரருக்குத் தமிழ் தெரியாதுல்ல, வல இழுக்கிற பாட்டுன்னு நெனச்சி அப்படியே உட்டுட்டாரு."

"யாரத் திட்டுறாரு?"

"உன்னத்தான். கஞ்சி லேட்டா எடுத்தாந்தியாம்."

அம்மாள் அவன் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டாள்.

"எங்கப்பன் பேரையும் இழுக்கிறாரா?"

"தாத்தா பேர சொல்லித்தான் ஆரம்பிக்கிறாரு."

"அப்ப அவரேதான். பஸ்ஸு வருது பாரு, ஏறுடா. மொதல்லேர்ந்து கேக்கணும்."