ஐந்து தசம் இரண்டு

யூரிக் அமிலத்தைக் காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பது நல்லது. சாப்பிட்ட பிறகு பார்த்தாலும் பெரிய பிழையில்லை. ஆனால் எப்போதும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் போன கிழமையையும் இந்தக் கிழமையையும் ஒப்பிட முடியாது. நான் சனிக்கிழமை ஆறரைக்குப் பார்ப்பேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள். முப்பது வருடம் படிப்பித்தவள் நான், பிழையான பொலிஸ் வாக்குமூலத்தின் கீழே கையெழுத்து வைக்க மாட்டேன்.

என் பெயர் சரோஜினி. இரகுநாதன் என் தம்பி. தெமோதரையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து இளைப்பாறியவன். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது நானும் ஒரு பையோடு நடந்தேன். வீடு பிறகு இல்லாமல் போய்விட்டது. தம்பி தன் குவாட்டர்ஸுக்குக் கூப்பிட்டான். மூன்று வருடத்தில் அவன் மனைவி இறந்தாள். அதில் எனக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை, அப்படிப் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் கிடையாது. இளைப்பாறிய பிறகு பதுளையில் வீடு வாங்கினான். அதை நான் நடத்தினேன்.

அடுத்த வருடமே அவனுக்குக் கவுட் வந்தது. யூரிக் அமிலம் இரத்தத்தில் கூடி, கண்ணாடித் தூள் மாதிரி மூட்டில் படிகிற நோய். பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் கத்துவான். அளவு ஆறுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தினமும் ஒரு குளிசை, நிறையத் தண்ணீர், ஈரலும் நெத்தலியும் வேண்டாம். கனடாவில் இருக்கிற எங்கள் அண்ணன் மகன் பிரவீணன் வீட்டிலேயே பார்க்கிற கருவியை அனுப்பினான். விரலில் குத்தி, ஒரு சொட்டை அந்தச் சிறு பட்டியில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் இலக்கம் விழும். தம்பிக்கு இரண்டு கண்ணிலும் புரை. இலக்கம் அவனுக்குத் தெரியாது. நான் வாசித்துச் சொல்வேன், கொப்பியில் எழுதி வைப்பேன். டாக்டர் அந்தக் கொப்பியைப் பார்த்து, "உங்களுக்கு நல்ல அக்கா" என்று சொன்னார்.

முதல் வருடம் முழுக்க நான் சரியான இலக்கத்தைத்தான் சொன்னேன். கருவியைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

தயானி அப்புத்தளைப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். கணவன் இல்லாதவள். தம்பிக்கு அவளை எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சொல்லியிருப்பான். அவளைப் பார்க்கச் சனிக்கிழமை காலை ரயிலில் போய் மாலையில் திரும்புவான். மூன்றாவது சனிக்கிழமை புதுச் சேர்ட் போட்டிருந்தான். தலைக்கு மை பூசியிருந்தான். ஐம்பத்தொன்பது வயதில் மை. கருவியில் ஐந்து தசம் ஆறு விழுந்தது.

"எவ்வளவு அக்கா?"

"எட்டுத் தசம் நாலு."

"காலில நோ ஒண்டும் இல்லையே."

"நோ வந்த பிறகு பார்க்கிறதுக்கோ பிரவீணன் மெசின் அனுப்பினவன்?"

அவன் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். பிறகு சப்பாத்தைக் கழற்றினான். பின்னேரம், பெருவிரல் குத்துகிற மாதிரி இருக்கிறது என்று அவனாகவே சொன்னான். இதிலிருந்து உங்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். அவனுடைய உடம்பு அவனுக்கே தெரியாது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவன் போக நினைத்த சனிக்கிழமைகளில் அளவு கூடியிருந்தது. ஒன்பது சொல்வேன், ஒன்பதரை சொல்வேன், கொப்பியிலும் அதையே எழுதுவேன். பத்துக்கு மேலே சொன்னதில்லை, அது கொடுமை. பாணும் அவித்த புடலங்காயும்தான் சாப்பாடு. மெலிந்தான். வெளியே போவதைக் குறைத்து, பிறகு வாசல் படலை வரைக்கும் போவதையும் விட்டான். கண் ஒப்பரேஷனுக்குத் திகதி வந்தபோது, யூரிக் அமிலம் கூடினவர்களுக்குக் கண்ணில் கத்தி வைக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அப்படி எந்த டாக்டரும் சொன்னதில்லை. அவன் தலையாட்டினான். கடிதத்தை அலுமாரியில் வைத்தேன்.

போன மார்கழியில் தயானி நேரே வீட்டுக்கு வந்தாள். குடையை மடித்துக் கதவோரம் வைத்தாள், வீட்டுக்காரி மாதிரி. பொங்கல் முடிய கல்யாண எழுத்து வைக்கப்போகிறோம் என்றாள். அவனுக்கு இலக்கம் எத்தனை வந்தாலும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். பின் அறை உங்களுக்கு இருக்குத்தானே."

பின் அறையில் விறகும் பழைய ரயில்வேப் புத்தகங்களும் கிடந்தன. நான் கோபப்படவில்லை. அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். தம்பியைப் பார்த்தேன். அவன் தன் பெருவிரலைத் தடவிக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கூடின இலக்கத்தால் இனி அவனை நிறுத்த முடியாது என்று தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை, ஐந்து தசம் இரண்டு என்று சொன்னேன். அவன் நம்பவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னேன். குழந்தை மாதிரி அழுதான். குணமாகிவிட்டது, இனிக் குளிசை தேவையில்லை என்றேன். அன்றைக்கே ஆட்டீரல் வாங்கினேன். நெத்தலி பொரித்தேன். இரண்டு வருடம் காய்ந்து கிடந்தவன், வழித்துச் சாப்பிட்டான். எங்கள் வீட்டு வேலைக்குத் தெமோதரைத் தோட்டத்திலிருந்து வருகிற இராக்கம்மா அடுப்படியில் என்னிடம் கேட்டாள்.

"ஐயாவுக்கு ஈரல் ஆகாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"அது அப்ப."

"இப்ப மட்டும் என்னம்மா வித்தியாசம்?"

அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

நான்கு சனிக்கிழமையும் ஐந்துதான் சொன்னேன். நாலாவதில் கருவி காட்டியது பதினொன்று தசம் மூன்று. பொங்கலுக்கு முதல் நாள் இரண்டு காலும் ஒன்றாகப் பிடித்தன. முழங்காலும் வீங்கியது. அப்படி ஒரு சத்தத்தை அவனிடம் நான் கேட்டதில்லை.

"கவுட்தான் அக்கா. டொக்டரிட்டக் கொண்டு போங்கோ."

"ஐஞ்சில இருக்கிறவனுக்கு எப்படிக் கவுட் வரும்? இது சுளுக்கு."

அவன் யோசித்தான். எனக்கு இப்போதும் அந்த முகம் நினைவிருக்கிறது. வலியில் வியர்த்துக்கொண்டே, இலக்கத்துக்கும் காலுக்கும் இடையில் எதை நம்புவது என்று யோசித்தான். இலக்கத்தை நம்பினான். எண்ணெய் காய்ச்சித் துணி கட்டினேன். கடையில் வலிக்குளிசை வாங்கிக் கொடுத்தேன், காலை, மதியம், இரவு, சில நாள் இடையிலும். அது சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்று டாக்டர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு நாள். தயானி தொலைபேசியில் கேட்டாள். ஆள் உங்களோடு பேச விரும்பவில்லை என்றேன். அந்த நாட்களில் அவனுக்குச் சோறு ஊட்டினேன், முகம் துடைத்தேன், பத்திரிகை வாசித்துக் காட்டினேன். எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. உண்மையைச் சொன்னால், அது நல்ல காலம்.

பதின்மூன்றாம் நாள் அவனுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது, முகம் ஊதிவிட்டது. நான் கடைக்குப் போயிருந்த நேரம் இராக்கம்மா ஆட்டோ பிடித்து, பக்கத்து வீட்டு புஹாரியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அவனைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைக் கேட்காமல். நான் பிறகு அங்கே போனபோது டாக்டர் கொப்பியைக் கேட்டார், கருவியையும் கேட்டார். இரண்டையும் கொடுத்தேன். பழைய இலக்கங்களைத் திகதியோடு அது உள்ளே வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். டாக்டர் ஒரு பொத்தானை அமத்தி அமத்திப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். பிறகு என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

கண்டிக்கு அனுப்பினார்கள். பல கிழமை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். சிறுநீரகம் பாதிதான் திரும்பியதாம். தேறிய பிறகு கண்ணில் புரையையும் வெட்டி எடுத்தார்கள். அந்தக் கண்ணால் அவனே கருவியைப் பார்த்து, ஒவ்வொரு இலக்கமாகக் கொப்பியோடு ஒப்பிட்டான் என்று சொல்கிறீர்கள். அவன் எழுதிய முறைப்பாட்டை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். "என் அக்கா நான் வீட்டை விட்டுப் போகாமல் இருப்பதற்காக என்னை நோயாளியாக வைத்திருந்தார்." பிழையில்லாத வசனம். ஏற்றுக்கொள்கிறேன். சுகமாக இருந்தபோது சுகமில்லை என்று சொன்னேன். சாகக்கூடிய நிலையில் சுகம் என்று சொன்னேன். கை தவறியோ தெரியாமலோ செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் இலக்கத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஆனால் வெளியே வாங்குப் பலகையில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்திருப்பது அவன் என்று சொல்லாதீர்கள். நான் கதவால் பார்த்தேன். அந்த ஆள் கண்ணாடி இல்லாமல் சுவரில் இருந்த அறிவித்தலை வாசித்துக்கொண்டிருந்தார். உங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் பதினான்கு படி இருக்கிறது. என் தம்பியால் படி ஏற முடியாது.