ஒன்பதாவது நிமிடம்

கணினி மக்கர் செய்தால் முதலில் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், மச்சான். பாதிக் கோளாறு அதிலேயே போய்விடும். அலுவலகத்தில் இருபது வருடமாக இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

என் மகளின் லேப்டாப் அதற்கெல்லாம் மசியவில்லை. அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான். சார்ஜர் செருகியிருந்தால் வைஃபை ஜோராக ஓடும், பிடுங்கினால் படுத்துக்கொள்ளும். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் நிரல் வைஃபை அட்டையைத் தூங்க வைக்கிறது, அதை எழுப்ப, அட்டையை இயக்கும் டிரைவர் நிரலுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அமைப்புக் கோப்பில் ஒரே வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது.

"அப்பா, நீ கில்லாடிப்பா!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதே மூச்சில், வெளிநாட்டில் ஐந்து வருடப் படிப்புக்கு அடுத்த வாரம் வீடியோவில் நேர்காணல் என்றாள். உங்கள் தங்கை காலமானபின் இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான், உங்களுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே அந்த வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில், பேட்டரியில் ஓடும்போது அட்டையை எழுப்பியே வைத்திருக்க ஒரு குட்டி நிரல் எழுதினேன். ஆனால் நேர்காணல் தொடங்கி ஒன்பதாவது நிமிடம் அட்டை தூங்கும், விழிக்கும், மறுபடி தூங்கும். முதல் நிமிடமே அறுந்தால் கருவிக் கோளாறு என்று வேறு தேதி தருவார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் தடுமாறினால் பெண் பதறுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். சார்ஜரைத் தவறுதலாக என் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. வேறொரு கல்லூரியின் இரண்டாவது நேர்காணலுக்கு முன்பு சார்ஜர் ஒயரை உள்ளுக்குள் அறுத்து வைத்தேன். மூன்றாவதற்கு எனக்கு வேலையே இல்லை. வரவில்லை என்று அவளே எழுதிப் போட்டுவிட்டாள்.

நீங்கள் லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மெக்கானிக் காட்டிய அந்த நிரலின் தலையில் என் பெயரும் தேதியும் இருந்ததா? இருக்கும். எதை எழுதினாலும் பெயர் போடுவது தொழில் பழக்கம். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

போன வாரம் என் தோளில் சாய்ந்துகொண்டு, "எனக்கு ராசியே இல்லப்பா. இனிமே எங்கயும் போகல, உன்கூடவே இருந்துடறேன்" என்றாள்.

"அப்படியெல்லாம் சொல்லாதம்மா" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அவள் அவ்வளவு நொந்துபோயிருந்த நேரத்தில் பக்கத்தில் நான் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பாள், நீங்களே சொல்லுங்கள்.